ஐக்கிய இராச்சியத்தில் வேகக் கண்காணிப்புக் கேமராக்கள்

வேகக் கண்காணிப்புக் கேமரா என்பது, சாலையில் செல்லும் ஊர்தியின் வேகத்தைத் தானாகவே அளந்து, அவ்வேகம் சட்டம் வரையறுத்த எல்லையைத் தாண்டும்போது ஊர்தியைப் படமெடுத்துப் பதிவு செய்யும் கருவி ஆகும். இது சுருக்கமாக வேகக் கேமரா எனப்படுகிறது. ஐக்கிய இராச்சியத்தில் இக்கருவிகள் 1992 ஆம் ஆண்டு முதல் பயன்பாட்டில் உள்ளன. உயிர்களைக் காக்கும் எளிய, மலிவான வழி இது என ஆதரவாளர்கள் கூறுகின்றனர். ஓட்டுநர்களிடம் பணம் கறக்கும் பொறி இது என எதிர்ப்பாளர்கள் கூறுகின்றனர். இக்கருத்து மோதல் அந்நாட்டின் அரசியலிலும், நீதிமன்றங்களிலும், புள்ளியியல் ஆய்வுகளிலும் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து வருகிறது.

இவ்விவாதத்தில் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. கேமராக்கள் உண்மையிலேயே விபத்துகளைக் குறைக்கின்றனவா? அவற்றால் கிடைக்கும் தண்டப்பணம் யாரைச் சேர்கிறது? இயந்திரத்தின் சாட்சியத்தைக் கொண்டு குடிமக்களைத் தண்டிப்பது நியாயமா? இவற்றைத் தனித்தனியே பிரித்து நோக்கினால் மட்டுமே விவாதத்தைச் சரியாகப் புரிந்துகொள்ள முடியும்.

வேகமும் ஆபத்தும்

ஓடும் பொருளின் இயக்க ஆற்றல் அதன் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. ஆகவே வேகம் சிறிதளவு கூடினாலும் ஊர்தியை நிறுத்தத் தேவைப்படும் தூரம் பெரிதும் கூடுகிறது. பிரித்தானிய நெடுஞ்சாலை விதிநூலின்படி, மணிக்கு 30 மைல் (48 கிமீ) வேகத்தில் செல்லும் மகிழுந்து முழுமையாக நிற்பதற்கு 23 மீட்டர் தேவை. 40 மைல் (64 கிமீ) வேகத்தில் இது 36 மீட்டர் ஆகிறது. இதில் ஓட்டுநர் ஆபத்தை உணர்ந்து தடுப்பை அழுத்துவதற்குள் கடக்கும் 12 மீட்டரும், தடுப்பு செயற்பட்ட பின் கடக்கும் 24 மீட்டரும் அடங்கும்.

எடுத்துக்காட்டாக, 25 மீட்டர் முன்னால் ஒரு குழந்தை சாலையில் ஓடி வருவதாகக் கொள்வோம். 30 மைல் வேகத்தில் வரும் ஊர்தி குழந்தைக்கு இரண்டு மீட்டர் முன்பாகவே நின்றுவிடும். 40 மைல் வேகத்தில் வரும் ஊர்தியோ, மேற்கண்ட அளவுகளைக் கொண்டு கணக்கிட்டால், அந்த இடத்தை அடையும்போதும் மணிக்கு ஏறத்தாழ 27 மைல் (43 கிமீ) வேகத்தில் சென்றுகொண்டிருக்கும். பத்து மைல் வேறுபாடு என்பது ஒன்றும் நேராமல் போவதற்கும் உயிரைப் பறிக்கக்கூடிய மோதலுக்கும் இடையிலான வேறுபாடாக மாறுகிறது. இந்த இயற்பியல் உண்மையை விவாதத்தின் இரு தரப்பினரும் மறுப்பதில்லை. கேமரா இதற்கு ஏற்ற மருந்தா என்பதிலேயே கருத்து வேறுபாடு நிலவுகிறது.

முன்வரலாறு

வேகக்கட்டுப்பாடு பற்றிய பூசல் கேமராவை விட மிகவும் பழையது. 1865 ஆம் ஆண்டுச் சட்டம், தானே இயங்கும் ஊர்திகள் நாட்டுப்புறங்களில் மணிக்கு 4 மைல், நகரங்களில் 2 மைல் வேகத்துக்கு மேல் செல்லக்கூடாது என விதித்தது. 1903 ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வெல்லையை மணிக்கு 20 மைலாக உயர்த்தியது. காவலர்கள் புதர்களுக்குப் பின்னால் மறைந்திருந்து, அளந்து வைத்த தூரத்தை ஊர்தி கடக்கும் நேரத்தை நிறுத்து கடிகாரத்தால் கணித்து வழக்குத் தொடுத்தனர். இத்தகைய பொறிகளிலிருந்து உறுப்பினர்களைக் காப்பதற்காகவே 1905 இல் தானுந்துச் சங்கம் (ஏ.ஏ.) தொடங்கப்பட்டது. இன்று அது சாலையோர உதவிக்காக அறியப்படும் பெரிய நிறுவனம் ஆகும். அக்காலத்தில் அதன் மிதிவண்டி வீரர்கள் காவலர் மறைந்திருக்கும் இடங்களை ஓட்டுநர்களுக்குச் சைகையால் உணர்த்தினர். 1910 இல் நீதிமன்றம் இவ்வாறு எச்சரிப்பது குற்றமாகலாம் எனத் தீர்ப்பளித்தது. அதன் பின்னர் வீரர்கள் வணக்கம் செலுத்தாமல் இருப்பதே எச்சரிக்கை எனக் கொள்ளப்பட்டது.

1930 இல் மகிழுந்துகளுக்கான வேக எல்லை முற்றாக நீக்கப்பட்டது. 1934 ஆம் ஆண்டில் பெரிய பிரித்தானியாவின் சாலைகளில் 7,343 பேர் இறந்தனர். இதனால் அவ்வாண்டில் புதிய சட்டம் இயற்றப்பட்டு, குடியிருப்புப் பகுதிகளில் மணிக்கு 30 மைல் என்னும் எல்லை 1935 மார்ச் மாதம் நடைமுறைக்கு வந்தது. பெருஞ்சாலைகளுக்கான 70 மைல் எல்லை 1965 டிசம்பரில் சோதனை முறையில் கொண்டுவரப்பட்டு, 1967 இல் நிலையாக்கப்பட்டது.

கேமராவின் தோற்றம்

நவீன வேகக் கேமராவின் முன்னோடி நெதர்லாந்தைச் சேர்ந்த மவுஸ் காட்சோனிடஸ் (1911–1998) ஆவார். இவர் 1953 ஆம் ஆண்டு மான்டே கார்லோ தானுந்துப் போட்டியில் வெற்றி பெற்றவர். வளைவுகளில் தமது வேகத்தை அளந்து மேலும் விரைவாக ஓட்டுவதற்காகவே இவர் அளவுக்கருவிகளை உருவாக்கினார். 1958 இல் தொடங்கிய தமது நிறுவனத்தின் மூலம் அவற்றைக் காவல்துறைகளுக்கு விற்றார். வேகமாகச் செல்வதற்கென உருவான கருவி, வேகத்தைத் தடுக்கும் கருவியாக உலகெங்கும் பரவியது. இவரது பெயரை ஒட்டி, பிரித்தானிய மக்கள் இன்றும் நிலையான கேமராக்களைக் 'காட்சோ' என்று அழைக்கின்றனர்.

ஐக்கிய இராச்சியத்தில் 1991 ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம், அங்கீகரிக்கப்பட்ட கருவிகள் எடுக்கும் படங்களை வேகக் குற்றங்களுக்குச் சான்றாக ஏற்க வழிசெய்தது. முதற் கேமரா 1992 இல் மேற்கு லண்டனின் டுவிக்கனம் பாலத்தருகே நிறுவப்பட்டது.

செயற்படும் முறை

காட்சோ வகைக் கேமரா ரேடார் அலைகளைச் செலுத்துகிறது. ஊர்தியின் மீது பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் டாப்ளர் விளைவால் மாறுபடும். அந்த மாற்றத்திலிருந்து வேகம் கணிக்கப்படுகிறது. வேகம் குறித்த அளவைத் தாண்டினால் கேமரா அரை நொடி இடைவெளியில் இரண்டு படங்களை எடுக்கிறது. சாலையில் வரையப்பட்டுள்ள வெள்ளைக் கோடுகளின் உதவியால், இரு படங்களுக்கு இடையில் ஊர்தி நகர்ந்த தூரத்தைத் தனியே அளக்கலாம். அரை நொடியில் ஓர் ஊர்தி 9 மீட்டர் நகர்ந்திருந்தால், அதன் வேகம் நொடிக்கு 18 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 65 கிமீ (40 மைல்) ஆகும். ரேடார் தவறியிருந்தால் இந்த இரண்டாவது சோதனை அதனைக் காட்டிக்கொடுக்கும்.

வேறு சில வகைக் கேமராக்கள் சாலையில் பதிக்கப்பட்ட அழுத்த உணரிகளைப் பயன்படுத்துகின்றன. இவை தவிர, நடமாடும் வண்டிகளில் லேசர் கருவிகளும் பயன்படுகின்றன. பொதுவாக, வேக எல்லையை விடப் பத்து விழுக்காடும் அதற்கு மேல் 2 மைலும் கூடினால் மட்டுமே நடவடிக்கை எடுக்கலாம் எனக் காவல்துறைத் தலைவர்களின் வழிகாட்டுதல் கூறுகிறது. இதன்படி 30 மைல் சாலையில் 35 மைல் வேகத்திலேயே நடவடிக்கை தொடங்கும். எனினும் இது சட்டப்படியான உரிமை அன்று.

சட்ட நடைமுறை

கேமரா படம்பிடிப்பது ஊர்தியை ஆகும். தண்டிக்கப்பட வேண்டியவர் ஓட்டுநர் ஆவார். இந்த இடைவெளியை 1988 ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 172 ஆம் பிரிவு நிரப்புகிறது. இதன்படி, ஊர்தியின் பதிவாளர் குறித்த நேரத்தில் அதனை ஓட்டியவர் யார் என்பதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். தெரிவிக்கத் தவறுவது தனிக் குற்றமாகும். வழக்குத் தொடரும் எண்ணம் பற்றிய அறிவித்தல் 14 நாட்களுக்குள் அனுப்பப்பட வேண்டும்.

சிறிய மீறல்களுக்கு நிலையான தண்டத்தொகையும், ஓட்டுநர் உரிமத்தில் மூன்று தண்டப் புள்ளிகளும் விதிக்கப்படுகின்றன. தண்டத்தொகை 60 பவுண்டாக இருந்து, 2013 ஆகஸ்ட் மாதத்தில் 100 பவுண்டாக உயர்த்தப்பட்டது. மூன்று ஆண்டுகளில் 12 புள்ளிகள் சேர்ந்தால் பொதுவாக உரிமம் இடைநிறுத்தப்படும். செல்வந்தருக்கும் ஏழைக்கும் புள்ளிகள் ஒரே அளவில் வலிக்கும் என்பதால், தண்டத்தொகையை விடப் புள்ளிகளே ஓட்டுநர்களால் பெரிதும் அஞ்சப்படுகின்றன.

புள்ளிகளுக்கு அஞ்சிய ஒருவரின் வழக்கு நாடறிந்தது. 2003 இல் எம்11 பெருஞ்சாலையில் கிறிஸ் ஹியூன் என்னும் அரசியல்வாதியின் ஊர்தியைக் கேமரா பதிவு செய்தது. அப்போதைய மனைவியே ஓட்டியதாகப் பதிலளிக்கப்பட்டது. பின்னாளில் உண்மை வெளிவந்தபோது அவர் அமைச்சராக இருந்தார். 2012 இல் பதவி விலகிய அவருக்கும், அவரது முன்னாள் மனைவிக்கும், நீதியின் போக்கைத் திரித்த குற்றத்துக்காக 2013 இல் தலா எட்டு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

செலவு மீட்புத் திட்டம்

தொடக்கத்தில் கேமராக்களை நிறுவி இயக்கும் செலவை உள்ளூராட்சிகளும் காவல்துறையும் ஏற்றன. தண்டப்பணமோ மைய அரசின் கருவூலத்துக்குச் சென்றது. இதனால் பல கேமராப் பெட்டிகள் உள்ளே கருவி இன்றி வெறுமையாக நின்றன. 2000 ஏப்ரலில் எட்டுப் பகுதிகளில் ஒரு புதிய சோதனைத் திட்டம் தொடங்கியது. காவல்துறையும் உள்ளூராட்சிகளும் கூட்டமைப்புகளை அமைத்து, தங்கள் செலவை மட்டும் தண்டப்பணத்திலிருந்து மீட்டுக்கொள்ளலாம். எஞ்சியது கருவூலத்தைச் சேரும். இத்திட்டம் பின்னர் நாடு முழுவதும் விரிவுபடுத்தப்பட்டது.

இதற்குக் கடுமையான விதிகள் இருந்தன. முந்திய மூன்று ஆண்டுகளில், ஒரு கிலோமீட்டருக்குக் குறைந்தது நான்கு, உயிரிழப்பு அல்லது கடுங்காயம் விளைவித்த விபத்துகள் நடந்த இடங்களிலேயே பொதுவாக நிலையான கேமராக்களை நிறுவலாம். அவை மறைந்திருக்கக் கூடாது. பெட்டிகள் மஞ்சள் நிறத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். பொறி என்னும் குற்றச்சாட்டுக்கு விடையாகவே மஞ்சள் நிறம் கொண்டுவரப்பட்டது. இத்திட்டம் 2007 மார்ச் மாதத்துடன் முடிவுற்றது.

விவாதம்

எண்ணிக்கையைக் கணிப்பதிலுள்ள சிக்கல்

செலவு மீட்புத் திட்டத்தின் முதல் நான்கு ஆண்டுகளை ஆராய்ந்த அறிக்கை 2005 டிசம்பரில் வெளியானது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியும் பிஏ கன்சல்டிங் நிறுவனமும் இதனைத் தயாரித்தன. கேமரா இடங்களில் இறந்தோர், கடுங்காயமுற்றோர் எண்ணிக்கை 42 விழுக்காடு குறைந்ததாகவும், காயம் விளைவித்த மோதல்கள் 22 விழுக்காடு குறைந்ததாகவும் அறிக்கை கூறியது. அரசு இதனைக் கேமராக்களின் வெற்றியாக எடுத்துக்காட்டியது.

ஆனால் இங்கு ஒரு புள்ளியியல் கண்ணி உள்ளது. இது 'சராசரியை நோக்கித் திரும்புதல்' எனப்படும். இதனைப் பகடைகள் மூலம் விளக்கலாம். 600 பகடைகளை உருட்டினால் ஏறத்தாழ 100 பகடைகளில் ஆறு விழும். அந்த நூறுக்கு மட்டும் மஞ்சள் வண்ணம் பூசி மீண்டும் உருட்டுவோம். இம்முறை அவற்றின் சராசரி ஏறத்தாழ 3.5 ஆகவே இருக்கும். ஆறிலிருந்து மூன்றரையாகக் குறைந்ததற்கு மஞ்சள் வண்ணம் காரணம் அன்று. மிகுதியாக விழுந்தவற்றைத் தேர்ந்தெடுத்ததே காரணம். அதேபோல், விபத்துகள் தற்செயலாக மிகுந்த ஆண்டுகளுக்குப் பின் ஓரிடத்தில் கேமரா வைத்தால், எதுவும் செய்யாவிட்டாலும் குறைந்திருக்கக்கூடிய பகுதியும் கேமராவின் கணக்கில் சேர்ந்துவிடும். நான்கு விபத்துகள் என்னும் விதி, நல்ல நோக்கத்துடன் வகுக்கப்பட்டதாயினும், இத்தேர்வுப் பிழையைத் தன்னுள்ளே கொண்டிருந்தது.

மேற்படி அறிக்கையின் பின்னிணைப்பு ஒன்றே இச்சிக்கலை ஆராய்ந்தது. ஆய்வு செய்யப்பட்ட நகர்ப்புறக் கேமரா இடங்களில், கடுமையான விபத்துகளில் காணப்பட்ட குறைவின் பெரும்பகுதி சராசரியை நோக்கித் திரும்புதலால் நேர்ந்தது என அது கண்டது. கேமராவுக்கு உரிய பங்கு சிறியது. ஆயினும் அது சுழி அன்று. எதிர்ப்பாளர்கள் முதற் பாதியை மேற்கோளாகக் கொண்டனர். ஆதரவாளர்கள் இரண்டாம் பாதியை எடுத்துரைத்தனர்.

பின்வந்த ஆய்வுகள் இப்பிழையைக் கருத்திற்கொண்டு நடத்தப்பட்டன. அவற்றுட் சில:

2010 இல் வெளியான காக்ரேன் மீளாய்வு பல நாடுகளின் 35 ஆய்வுகளைத் தொகுத்தது. கேமராக்களின் அருகில் மோதல்கள் 8 முதல் 49 விழுக்காடு வரை குறைந்ததாக அவை காட்டின. எனினும் ஆய்வுகளின் தரம் போதாது எனவும் மீளாய்வு குறிப்பிட்டது.

2013 இல் ஆர்ஏசி அறக்கட்டளைக்காகப் பேராசிரியர் ரிச்சர்ட் ஆல்சப் 551 நிலையான கேமராக்களை ஆராய்ந்தார். உயிரிழப்பு, கடுங்காயம் விளைவித்த மோதல்கள் சராசரியாக 22 விழுக்காடு குறைந்திருந்தன. அதேவேளை 21 இடங்களில் மோதல்கள் கூடியிருக்கலாம் என்பதால், அவற்றை ஆராயுமாறு அவர் பரிந்துரைத்தார்.

2017 இல் லண்டன் பொருளியல் பள்ளியில் நடந்த ஆய்வு, கேமராவிலிருந்து 500 மீட்டருக்குள் விபத்துகள் 17 முதல் 39 விழுக்காடு குறைந்ததாகக் கண்டது. ஆனால் ஏறத்தாழ 1.5 கிமீ தாண்டியதும் அவை மீண்டும் கூடுவதற்கான அறிகுறிகள் தென்பட்டன.

நாடளாவிய எண்களும் இரு தரப்பாலும் பயன்படுத்தப்பட்டன. பெரிய பிரித்தானியாவில் சாலை இறப்புகள் 1994 இல் 3,650 ஆகவும், 2003 இல் 3,508 ஆகவும் இருந்தன. கேமராக்கள் பெருகிய ஆண்டுகளில் நீண்டகாலச் சரிவு ஏறத்தாழ நின்றுபோனதை எதிர்ப்பாளர்கள் சுட்டினர். பின்னர் 2010 இல் இறப்புகள் 1,850 ஆகக் குறைந்ததை ஆதரவாளர்கள் சுட்டினர். ஊர்திகளின் தரம், போக்குவரத்தின் அளவு, பொருளாதார மந்தம் எனப் பல காரணிகள் இவ்வெண்களைப் பாதிப்பதால், இவற்றிலிருந்து கேமராவின் பங்கை மட்டும் பிரித்தெடுக்க இயலாது.

வருவாய் பற்றிய குற்றச்சாட்டு

கேமராக்கள் அரசின் வருவாய்க்காகவே வைக்கப்படுகின்றன என்பது மிகப் பரவலான குற்றச்சாட்டு ஆகும். தண்டப்பணம் கருவூலத்துக்கே செல்வதால், கேமராவை வைக்கும் உள்ளூராட்சிக்கு அதிலிருந்து ஆதாயம் இல்லை என்பது ஆதரவாளர்களின் விடை. முழு வெற்றி பெற்ற கேமரா ஒரு பவுண்டு கூட ஈட்டாது எனவும் அவர்கள் கூறுகின்றனர். இதே வாதத்தை எதிர்ப்பாளர்கள் திருப்பிக் கேட்கின்றனர்: ஒரு கேமரா ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோரைப் பிடிக்குமானால், அது எவ்வாறு வெற்றி பெற்றதாகும்? அவ்விடத்தில் வேக எல்லையோ சாலையின் அமைப்போ தவறாக இருக்கலாம் அல்லவா?

உரிமைகள் பற்றிய கேள்வி

தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொள்ளுமாறு எவரையும் வற்புறுத்தக்கூடாது என்பது பழைய சட்டக் கோட்பாடு ஆகும். 172 ஆம் பிரிவு இதனை மீறுகிறது என இரு ஓட்டுநர்கள் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தில் முறையிட்டனர். 2007 ஜூன் 29 அன்று, நீதிமன்றத்தின் பேரவை 15க்கு 2 என்னும் பெரும்பான்மையில் உரிமை மீறல் இல்லை எனத் தீர்ப்பளித்தது. ஊர்தியை வைத்திருப்போர் அதற்குரிய ஒழுங்குமுறைகளையும் ஏற்றவர்களாகவே கருதப்படுவர் என்பது தீர்ப்பின் சாரம்.

ஓட்டுநர்களின் நடத்தை

கேமராவைக் கண்டதும் தடுப்பை அழுத்தி, கடந்ததும் மீண்டும் விரைவது 'கங்காரு விளைவு' எனப்படுகிறது. இதனால் பின்னால் வரும் ஊர்திகளுக்கு ஆபத்து நேரலாம். மேலும், குடிபோதையில் ஓட்டுவதையோ, பொறுப்பின்றி முந்திச் செல்வதையோ வேகக் கேமரா காண்பதில்லை. சாலையில் காவலர்களின் எண்ணிக்கையைக் குறைக்க இயந்திரத்தைச் சாக்காகக் கொள்ளக்கூடாது என்னும் கருத்தைப் பல ஆதரவாளர்களும் ஏற்கின்றனர்.

2010 ஆம் ஆண்டின் நிறுத்தம்

தென்மேற்கு இங்கிலாந்தின் சுவிண்டன் நகரம் 2009 இல் நிலையான கேமராக்களைக் கைவிட்டது. 2010 இல் ஆட்சிக்கு வந்த கூட்டணி அரசு சாலைப் பாதுகாப்பு மானியத்தைக் குறைத்தது. இதனைத் தொடர்ந்து ஆக்ஸ்போர்டுசயர் மாவட்டத்தின் நிலையான கேமராக்கள் 2010 ஆகஸ்ட் 1 அன்று நிறுத்தப்பட்டன. நாடு முழுவதும் கேமராக்களை நிறுத்தினால், ஆண்டுக்கு ஏறத்தாழ 800 பேர் கூடுதலாக இறப்பர் அல்லது கடுங்காயமுறுவர் என ஆல்சப் அவ்வாண்டு மதிப்பிட்டார்.

எட்டு மாதங்களுக்குப் பின், 2011 ஏப்ரல் 1 அன்று ஆக்ஸ்போர்டுசயர் கேமராக்கள் மீண்டும் இயங்கத் தொடங்கின. இதற்கான செலவுக்கு வேக விழிப்புணர்வு வகுப்புகளின் கட்டணம் உதவியது. இங்கிலாந்திலும் வேல்சிலும், சிறிய மீறல் புரிந்தோர் தண்டப் புள்ளிகளுக்குப் பதிலாக இவ்வகுப்புகளில் சேரலாம். தண்டப்பணத்தைப் போலன்றி, இக்கட்டணத்தின் ஒரு பகுதி காவல்துறையின் செலவுக்குச் செல்கிறது. இதனால் வருவாய் பற்றிய பழைய குற்றச்சாட்டு புதிய வடிவில் மீண்டும் எழுந்தது.

சராசரி வேகக் கேமராக்கள்

கங்காரு விளைவுக்கு விடையாக அமைந்தவை சராசரி வேகக் கேமராக்கள் ஆகும். ஒரு சாலைத்துண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் உள்ள கேமராக்கள் ஊர்தியின் பதிவெண் பலகையைத் தாமே படித்து, இடைப்பட்ட தூரத்தைக் கடக்க எடுத்த நேரத்தைக் கணிக்கின்றன. கேமராவின் முன் மட்டும் வேகத்தைக் குறைப்பதால் பயனில்லை. 2014 அக்டோபரில் ஸ்காட்லாந்தின் ஏ9 சாலையில் டன்பிளேனுக்கும் இன்வர்னசுக்கும் இடையில் இவை இயங்கத் தொடங்கின. உள்ளூரில் இதற்குக் கடும் எதிர்ப்பு இருந்தது. 2016 இல் வெளியான ஆர்ஏசி அறக்கட்டளை அறிக்கை, இத்தகைய சாலைத்துண்டுகளில் உயிரிழப்பு, கடுங்காயம் விளைவித்த மோதல்கள், பொதுவான போக்கைக் கழித்த பின்னரும், ஏறத்தாழ 36 விழுக்காடு குறைந்ததாகத் தெரிவித்தது. அதேவேளை, குற்றம் செய்யாதவரின் ஊர்தியும் பதிவு செய்யப்படுவதால், தனியுரிமை பற்றிய கேள்வி இங்கு கூடுதலாக எழுகிறது.

பிற நாடுகளில்

பிரான்சில் தானியங்கி வேகக் கண்காணிப்பு 2003 இல் தொடங்கியது. 2002 இல் 7,000க்கு மேல் இருந்த சாலை இறப்புகள் 2013 அளவில் அதன் பாதிக்கும் கீழாகக் குறைந்தன. ஏனைய நடவடிக்கைகளுக்கும் இதில் பங்குண்டு. ஆனால் 2018 இல் எழுந்த மஞ்சள் அங்கியினர் போராட்டத்தின்போது, நாட்டின் கேமராக்களில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை சேதப்படுத்தப்பட்டதாக 2019 சனவரியில் உள்துறை அமைச்சர் தெரிவித்தார். 2018 சூலையில் பல நாட்டுப்புறச் சாலைகளின் வேக எல்லை மணிக்கு 90 கிலோமீட்டரிலிருந்து 80 ஆகக் குறைக்கப்பட்டமை இச்சினத்துக்கு ஒரு காரணமாகும்.

சுவீடனில் ஊர்தியின் உரிமையாளர் அன்றி, படத்தில் முகம் அடையாளம் காணப்பட்ட ஓட்டுநரே பொறுப்பாவார். இதனால் தண்டிக்கப்படுவோர் தொகை குறைவாக இருந்தாலும், கருவியின் நோக்கம் வேகத்தைக் குறைப்பதே என்னும் எண்ணம் அங்கு வலுவாக உள்ளது. 

இந்தியாவில் 2019 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், 136அ என்னும் பிரிவின் மூலம் மின்னணுக் கண்காணிப்புக்கு இடமளித்தது. 2021 இல் வெளியான விதிகள், கேமரா உள்ள சாலைப்பகுதிகளுக்கு முன்னதாக எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும் எனக் கூறுகின்றன. பிரித்தானியாவில் மஞ்சள் வண்ணம் எந்த ஐயத்துக்கு விடையாக வந்ததோ, அதே ஐயத்துக்கே இவ்விதியும் விடையளிக்க முயல்கிறது.

இவற்றையும் பார்க்க

சாலைப் பாதுகாப்பு
வேக எல்லை
டாப்ளர் விளைவு
சராசரியை நோக்கித் திரும்புதல்